ரெண்டு பேரும் ஏறினால்தான் கணக்கு

உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கி வீட்டுக்குள் வைத்துவிட்டு, அதில் துணி காயப்போடாமல் இருக்க யாராலும் முடியாது. இது என் அனுபவம். முதல் வாரம் நான்கு நாள் மிதித்தேன். இரண்டாம் வாரம் வியர்வை துடைக்க ஒரு துண்டை அதன்மேல் போட்டேன். மூன்றாம் வாரத்திலிருந்து துண்டு மட்டும்தான் சைக்கிள் ஓட்டியது. டாக்டர் அம்மா, நீங்கள் கேட்டது சிவப்பு உறையைப் பற்றி. இவன் என்ன சைக்கிளைப் பற்றி எழுதுகிறான் என்று நினைக்காதீர்கள். நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் என்றால் அது சைக்கிள்தான்.

பதினோரு வருடமாக நான் உடற்பயிற்சியை ஆரம்பித்துக்கொண்டே இருந்தேன். ஆரம்பிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஸ்கிப்பிங் கயிறு வாங்கி முதல் நாளே கூடத்து விளக்கை உடைத்தேன். யோகா பாய் வாங்கினேன். அதில் படுத்துத் தூங்கினால் முதுகுக்கு நன்றாக இருந்தது. அலாரத்தைக் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பார்த்தேன். எழுந்து போய் அணைத்துவிட்டுத் திரும்பி வந்து படுக்க ஒரே வாரத்தில் பழகிவிட்டேன். திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம், ஒன்றாம் தேதி ஆரம்பிக்கலாம், மழை விடட்டும், சளி குறையட்டும். என் அக்கா என்னை 'ஆரம்ப சூரன்' என்றுதான் கூப்பிடுவாள். சோம்பேறி என்று சொல்லாமல் விட்டாளே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

எங்கள் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சர்க்கரை. எடுத்த பிறகும் இல்லாத பாதம் அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் காற்றில் சொறிந்து விடுவேன். எனக்கு இப்போது நாற்பத்தேழு. போன வருடம் நம் பரிசோதனை நிலையத்திலேயே ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் கவுண்டரில் இருப்பவன் நான்தான் என்பதால் என் ரிப்போர்ட்டை நானே எடுத்து என்னிடமே கொடுத்துக்கொண்டேன். எல்லையில் நிற்கிறது என்று நீங்கள்தான் பார்த்துச் சொன்னீர்கள். "தினமும் எதாவது பண்ணுங்க. ஒரு நாள்கூட விடாதீங்க" என்றீர்கள். நினைவிருக்கும். அந்த வார்த்தையை நான் மீறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிறகு எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதானது. நான் ஒன்பதாம் மாடியில் இருக்கிறேன், தனிக்கட்டை. உதிரி பாகம் வர பன்னிரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டு நாளும் வேறு வழியில்லாமல் படியில் ஏறினேன். மூன்று கிலோ குறைந்தது. பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிற்று. பதின்மூன்றாம் நாள் லிஃப்ட் சரியானது; அன்று மாலையே அதில் ஏறி மேலே போனேன். போகும்போதே கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். மனசு என்று ஒன்றை நம்பி நான் இருந்தால் என் கால் போய்விடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு மனசு வேலைக்காகாது. விடமுடியாத ஏற்பாடு ஒன்று வேண்டும்.

லிஃப்டைச் சரி செய்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில்தான் குடியிருந்தார்கள். தொப்பையும் சிரிப்புமாக இருப்பார். வெளியே கிளம்பினால் சட்டைப்பையில் எப்போதும் மஞ்சள் சாக்பீஸ் ஒன்று இருக்கும், லிஃப்ட் குழிக்குள் அளவு குறிப்பதற்கு. காலையில் நாம் ரெண்டு பேரும் சேர்ந்து படி ஏறலாமா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் மாப்ள, ஊரே படி ஏறக் கூடாதுன்னுதான் நான் பொழப்பு நடத்தறேன். என்னையே ஏறச் சொல்றியே" என்றார்.

ஆனால் மறுநாள் ஐந்தரைக்கு அவர்தான் முதலில் கீழே வந்து நின்றார். தரையிலிருந்து ஒன்பதாம் மாடி வரை ஏறுவது, லிஃப்டில் இறங்குவது. இப்படி மூன்று முறை. முழங்காலுக்குக் கெடுதல் என்பதால் படியில் இறங்கக் கூடாது என்று அவரே வைத்த சட்டம். இன்னொரு சட்டமும் வைத்தார். மொட்டைமாடிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், மூன்றாவது முறை ஏறியதும், சாக்பீஸால் ஒரு கோடு. "ரெண்டு பேரும் ஏறினாத்தான் கணக்கு. ஒருத்தன் மட்டும் ஏறினா அது கணக்குல வராது. நீ தூங்கினா என் கோடும் போச்சு, நான் தூங்கினா உன் கோடும் போச்சு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாக இல்லை. பதினோரு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

டாக்டர் அம்மா, அந்த எண்பது நாட்களைப் பற்றி உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் விடிவதற்கு முன்னால் தானாக எழுந்தேன். ஆடின கால் சும்மா இருக்காது என்பார்களே, அது உண்மை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதும் என் கால் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டிருக்கும். இப்போதும் ஆடுகிறது. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு முறை எழுந்து தாழ்வாரத்தில் நடந்துவிட்டு வந்தேன். சர்க்கரை இறங்கியது. நீங்களே ஒரு தடவை, "பரவாயில்லையே, ஆளே மாறிட்டீங்களே" என்றீர்கள். அன்று நான் மத்தியானம் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

எழுபதாம் கோட்டுக்குப் பிறகு அத்தான் ஐந்தாம் மாடியில் நிற்க ஆரம்பித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மார்ல யாரோ கைய வெச்சு அழுத்தற மாதிரி இருக்கு மாப்ள, வாயுவா இருக்கும்" என்பார். அரை நிமிடத்தில் சரியாகிவிடும். அக்காவுக்குத் தெரிந்ததும் பிடிவாதமாக நின்றாள். "ரெண்டு பேரும் சேந்து எதையாவது இழுத்து வெச்சுக்காதீங்க. மொதல்ல டெஸ்ட் எடுங்க" என்றாள். நான்தான் அவரை நம் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். படிவத்தை நானே நிரப்பினேன். தொடர்பு எண் என்ற இடத்தில் என் கைபேசி எண்ணை எழுதினேன். அதில் சூது ஏதும் இல்லை. அவர் பாதி நாள் லிஃப்ட் குழிக்குள் இருப்பார், சிக்னல் கிடைக்காது. எங்கள் வீட்டில் யாருக்கு எந்த டெஸ்ட் எடுத்தாலும் என் எண்தான் கொடுப்போம். டிரெட்மில் டெஸ்டில் ஏறி நின்றுகொண்டு, "இது ஒரே மாடியா இருக்கே, ஒம்போதாவது எப்ப வரும்?" என்று அங்கிருந்த நர்ஸைச் சிரிக்க வைத்தார்.

எண்பத்து மூன்றாம் கோடு போட்ட அன்று ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்தது. சிவப்பு உறை.

நம் நிலையத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் கொண்டுவந்ததுதான். அவசர ரிப்போர்ட் என்றால் சிவப்பு உறை. கவுண்டரில் இருப்பவர் அன்றே நோயாளியின் எண்ணுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உறைக்குள் உங்கள் கையெழுத்தில் இருந்தது: இதயத்துக்கு ரத்த ஓட்டம் போதவில்லை, படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, உடனே வரச் சொல்லவும். 'உடனே' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தீர்கள்.

நான் அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். கவுண்டர் தொலைபேசியிலிருந்துதான் செய்தேன். என் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்தேன். ஒரு காதில் ஒன்றும் இன்னொரு காதில் இன்னொன்றுமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இரண்டையும் வைத்துவிட்டு, 'காலை 11.20, தகவல் சொல்லப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேற்று பதிவேட்டைச் சரிபார்த்தபோது அந்த எண் ஊழியர் பட்டியலில் இருப்பதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். ஆனால் பதிவேட்டில் பொய் எதுவும் இல்லை. போன் செய்தேன், எடுக்கப்பட்டது.

ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு வருடமாகச் சிவப்பு உறை வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தவன் நான். வாங்கிய நிமிடத்தோடு அவர்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். கையிலிருக்கும் பையைக்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். அத்தான் இனிமேல் ஒரு படிகூட ஏற மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஏறாவிட்டால் எனக்குக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியாதா. ஒரே மாதத்தில் சைக்கிளில் துணி காயப்போட்ட ஆளாகிவிடுவேன். அப்பாவின் கால் என் கண்ணுக்குள் நின்றது. நீங்களும் ஒரு நாள்கூட விடாதே என்று சொல்லியிருந்தீர்கள்.

நான் அதை மறைக்கவில்லை, தள்ளி வைத்தேன். நூறு கோடு முடியட்டும் என்று நினைத்தேன், பதினேழு நாள்தான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கொழுப்பு கொஞ்சம் கூட இருக்கு அத்தான், அவ்வளவுதான்" என்றேன்.

"மத்தது?"

"மத்ததெல்லாம் நான் பாத்துட்டேன்."

"நீ பாத்தா போதும் மாப்ள. உன்னவிடவா டாக்டர் பெருசு" என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டைப் பிரிக்காமலே அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதைப் பத்திரமாகத் துணி அலமாரியில் வைத்தாள்.

நூறாவது நாள் நான் கொடுத்திருப்பேன். உறையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். ஆனால் அன்று அவர் கோடு போட்டுவிட்டு, தளர்ந்துபோன பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் ஒரு சுற்று நடந்து காட்டினார். அக்கா அவருக்குப் புது பெல்ட் வாங்கி வைத்திருந்தாள். அந்த நேரத்தில் எப்படிக் கொடுப்பது? நாளைக்குக் கொடுக்கலாம் என்று விட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாளில் மனிதனைக் கலவரப்படுத்த வேண்டாம். திங்கட்கிழமை அவருக்குப் பெரிய கட்டடம் ஒன்றில் வேலை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு நனைந்துகொண்டு ஓட வேண்டுமே. அப்புறம் எனக்கே சளி. ஒரு நாள் நிஜமாகவே உறையைக் கையில் எடுத்துக்கொண்டு நான்காம் மாடியில் போய் நின்றேன். பூட்டியிருந்தது. கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். இப்படிப்பட்ட விஷயத்தை நேரில் சொல்வதுதான் முறை என்று திரும்பிவிட்டேன்.

இடையில் அவருக்காக நான் செய்ததையும் எழுத வேண்டும். ஐந்தாம் மாடியில் அரை நிமிடம் நிற்பதை ஒரு நிமிடமாக்கினேன். அவர் வேலைக்குக் கிளம்பும்போது கருவிப் பையை நான் தூக்கிக்கொண்டேன். தண்ணீர் பாட்டில் கொண்டுபோனேன். உள்ளே இருப்பது தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் என்னைவிட அவரை யாரும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நூற்று முப்பத்தேழாம் நாள், மூன்றாவது முறை ஏறும்போது, ஆறாம் மாடியில் அத்தான் படியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றி முழுக்க வேர்வை. இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, லிஃப்டக் கூப்பிடு" என்றார்.

லிஃப்ட் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. "இன்னும் மூணு மாடிதான் அத்தான். இன்னிக்கு விட்டா எல்லாம் போச்சு. நூத்தி முப்பத்தாறும் போச்சு" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "சரி வா, உனக்காக" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். அவர் எழுந்தது முழுக்க என் வற்புறுத்தலால் என்று சொல்ல முடியாது. சட்டம் வைத்தவர் அவர். ஏழாம் மாடி வரை தானாகவே ஏறினார். எட்டாம் மாடியில் பேச்சு நின்றுவிட்டது. அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். பதினொரு கிலோ குறைந்திருந்தார், அது நல்லதாகப் போயிற்று. பழைய எடையாக இருந்தால் என்னால் முடிந்திருக்காது. ஒன்பதாம் மாடியில் மொட்டைமாடிக் கதவுக்குப் பக்கத்தில் அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தேன். சாக்பீஸை அவர் பையிலிருந்து எடுத்தேன். விரல்கள் பிடிக்கவில்லை. அவர் விரல்களுக்குள் அதை வைத்து, மேலே என் கையால் பொத்திப் பிடித்து, சுவரில் இழுத்தேன். கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, நீங்கள் வந்து பார்க்கலாம். அதற்குப் பிறகு லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன்.

லிஃப்ட் உடனே வந்தது. நான்காம் மாடியைக் கடக்கும்போது அக்கா வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திடீர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆறாம் மாடியிலேயே அழைத்திருந்தால் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். அதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

உங்கள் குறிப்பில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை மட்டும் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏழு வருடத்தில் ஒரு ரிப்போர்ட்கூட என் கையில் மாறிப்போனதில்லை. ஐம்பத்து நான்கு நாள் அந்த உறை என்னிடம் இருந்தது. தினமும் அதைப் பார்த்தேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துதான் அவரைக் காலையில் எழுப்பினேன். கவனக்குறைவாக நான் எதையும் செய்யவில்லை.

அத்தான் போனதற்காக நான் அழவில்லை என்று நினைக்காதீர்கள். அழுதேன். என்னை மாப்ள என்று கூப்பிட இனி ஆளில்லை. அழுத களைப்பில் ஒரு மாதத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. நான் பயந்தபடியே ஆயிற்று, இரண்டு கிலோ கூடியது, சர்க்கரை ஏறியது. தனியாக ஏறிப் பார்த்தேன். மூன்றாம் மாடியிலேயே கால் நின்றுவிட்டது. ஒருத்தன் மட்டும் ஏறினால் கணக்கில் வராது என்பது உடம்புக்கே தெரிந்திருந்தது போல. வேலையில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நீங்கள்கூட என்னை இரண்டு நாள் லீவு போட்டுப் போகச் சொன்னீர்கள்.

என்னைத் தூக்கிவிட்டது அக்காதான். நாள் முழுக்கச் சன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், ஒரு நாள் காலையில் அவருடைய ஷூவுக்குள் பஞ்சு அடைத்து மாட்டிக்கொண்டு கீழே வந்து நின்றாள். "அவரு விட்ட எடத்துலேந்து நான் போடறேன். உன்னையும் இப்படியே விட்டுட்டா எனக்கு யாருடா இருக்கா" என்றாள். மேலே போனதும் அந்தச் சாய்ந்த கோட்டைக் கொஞ்ச நேரம் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவர் கடைசியாகத் தன் கையால் போட்டது என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நூற்று முப்பத்தெட்டாவதைப் போட்டாள். அன்றைக்கு எனக்கு உயிர் வந்தது.

இன்று காலை நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அவளுக்கு அறுபதைத் தாண்டிய வயது, இருந்தும் சளைக்காமல் ஏறுகிறாள். பத்து நாளாகத்தான் ஐந்தாம் மாடியில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டவன் அல்லவா, இந்தத் தடவை யாரும் சொல்வதற்கு முன்னாலேயே டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். போன வாரம் நீங்கள் லீவில் இருந்தீர்கள். உங்களுக்குப் பதிலாக வந்த டாக்டர்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை உறை வந்தது. இந்த முறை நான் அலட்சியமாக இல்லை. அன்றைக்கே மூன்று தடவையை இரண்டாகக் குறைத்துவிட்டேன், அவசரமில்லாமல் ஏறச் சொல்கிறேன். முன்னைப் போல நூறு, நூற்றைம்பது என்று தள்ளிக்கொண்டு போகப் போவதும் இல்லை. வெள்ளிக்கிழமை இருநூறாவது கோடு. அதைப் போட்டதும் அங்கேயே, மொட்டைமாடியில் வைத்தே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, உறையைக் கையில் கொடுத்துவிடுவேன்.

இடையில் இருப்பது நாளை ஒரு நாள்தான். அதுவரை நீங்கள் அவளிடம் எதுவும் சொல்லிவிட வேண்டாம், டாக்டர் அம்மா. பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிடுவாள்.